ஆகஸ்டில் எல்லோரும் வெல்கிறார்கள்

ஓமஹாவிலிருந்து 80ஆம் எண் நெடுஞ்சாலையில் தென்மேற்காகக் கிளம்பினால் ஒரு மணி நேரத்துக்குள் லிங்கன் வந்துவிடும். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்துக்கு அதுதான் தலைநகரம். இடையில் பிளாட் ஆறு குறுக்கிடுகிறது. அகலம் அதிகம், ஆழம் கொஞ்சம். கோடையில் தண்ணீரைவிட மணல்திட்டுதான் கண்ணில் படும். பாலம் தாண்டினால் இருபுறமும் மக்காச்சோளமும் சோயாவும். ஆகஸ்ட் மாதத்தில் சோளம் ஆள் உயரத்தைத் தாண்டிவிடும், கதிரும் பால் பிடித்திருக்கும், ஆனால் அறுவடைக்கு இன்னும் வாரங்கள் கிடக்கும். மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் அணிக்குக் கார்ன்ஹஸ்கர்ஸ், அதாவது சோளக்கதிரின் தோகையை உரிப்பவர்கள், என்று பெயர் வந்தது இந்த வயல்களால்தான். நாம் கால்பந்து என்று சொல்வது இதுவல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, தலைக்கவசத்தோடு மோதி, அங்குலம் அங்குலமாக நிலம் பிடிக்கும் ஆட்டம். சீசன் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி நவம்பர் கடைசியோடு அடங்கிவிடும். மொத்தம் 12 ஆட்டங்கள். சொந்த ஊரில் நடப்பவை ஏழோ எட்டோதான். ஆனால் அந்த ஏழெட்டு சனிக்கிழமைகளைப் பற்றிய பேச்சுக்கு ஆண்டு முழுவதும் போதவில்லை. அந்தப் பேச்சு உச்சத்தில் இருக்கும் மாதம், கடைசி நாட்கள் வரை ஒரு ஆட்டமும் நடக்காத ஆகஸ்ட்.

நெப்ராஸ்காவில் தொழில்முறை ஃபுட்பால் அணி கிடையாது. சுமார் 20 லட்சம் பேர் வாழும் மாநிலத்தில் பெரிய ஊர் என்றால் ஓமஹா, அடுத்து லிங்கன். ஆட்ட நாளன்று சுமார் 85,000 பேர் கொள்ளும் மெமோரியல் ஸ்டேடியம் மூன்றாவது பெரிய ஊராகிவிடுகிறது என்று அங்கே பெருமையாகச் சொல்வார்கள். கணக்குப் பார்த்தாலும் அது சரிதான். 1962 நவம்பர் 3ஆம் தேதி முதல் அந்த ஸ்டேடியத்தில் டிக்கெட் மிஞ்சிய ஆட்டம் இல்லை என்பது இன்னொரு பெருமை. அந்தத் தொடர்ச்சி 400 ஆட்டங்களைத் தாண்டிவிட்டது. ரயில் நிலையத்தை ஒட்டிய ஹேமார்க்கெட் பகுதியின் பழைய செங்கல் கிடங்குகளில் இப்போது உணவகங்களும் கடைகளும் இருக்கின்றன; ஆகஸ்டில் அவற்றின் கண்ணாடிக்குப் பின்னால் சிவப்புச் சட்டைகள் அடுக்கியிருக்கும். கோதுமை மாவு ரொட்டிக்குள் கொத்திய மாட்டிறைச்சி, முட்டைக்கோஸ், வெங்காயம் வைத்துச் சுடும் ரன்ஸா, ரஷ்யாவிலிருந்து வந்து குடியேறிய ஜெர்மானியர்கள் கொண்டுவந்த பண்டம். அதைத் தின்றுகொண்டே ஊர் பேசுவது ஒன்றைத்தான்: இந்த ஆண்டு எத்தனை ஆட்டம் ஜெயிப்போம்? கேட்பதற்கு வரப்போவதைப் பற்றிய கேள்வி போல இருக்கிறது. என் வாதம் வேறு. சீசனுக்கு முந்தைய எதிர்பார்ப்பு என்பது அணியைப் பற்றிய கணிப்பு அல்ல. ஊர் தன் கடந்தகாலத்தைப் பற்றி வைத்திருக்கும் நினைவு. பார்வையாளர் இருக்கையில் அந்த நினைவால் கேடு இல்லை. நிர்வாக அறைக்குள் நுழைந்து முடிவெடுக்கத் தொடங்கும்போதுதான் கேடு.

முதலில் இந்தக் கணிப்பு எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 1936 முதல் கல்லூரி அணிகளை வரிசைப்படுத்துகிறது. சீசன் தொடங்கும் முன்பே வெளியிடும் பட்டியல் 1950இல் வந்தது. நாடெங்கும் உள்ள விளையாட்டுச் செய்தியாளர்கள் வாக்களித்து 25 இடங்களை நிரப்புவார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட அணிகள், ஒவ்வொன்றிலும் நூறு வீரர்கள். அத்தனையையும் நேரில் பார்த்து எடைபோட யாராலும் முடியாது. அப்போது கை தானாகப் போவது அறிந்த பெயர்களிடம். நெப்ராஸ்கா 2018இல் 4 ஆட்டங்களில் வென்று 8இல் தோற்றது. அடுத்த ஆகஸ்டில் அதே அணிக்குத் தேசியப் பட்டியலில் 24ஆம் இடம் கிடைத்தது. அந்த சீசனையும் 5 வெற்றி, 7 தோல்வி என்று முடித்தது. இந்தியானா பல்கலைக்கழகத்தின் கதை இதற்கு நேர் எதிர். 2024இல் பிக் டென் கூட்டமைப்பின் 18 அணிகளில் 17ஆவதாக வரும் என்று செய்தியாளர்கள் கணித்த அணி, 11 ஆட்டங்களில் வென்று தேசியப் பிளேஆஃப் வரை போனது. அவ்வளவு நடந்த பிறகும் 2025 ஆகஸ்டில் அதற்குக் கிடைத்தது 20ஆம் இடம். அந்த சீசனில் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் தேசியப் பட்டத்தையே வென்றது. 4 வெற்றி பெற்ற அணிக்கு 24, 11 வெற்றி பெற்ற அணிக்கு 20. இடையில் நாலே படி. சம்பந்தம் பேசும்போது மாப்பிள்ளையின் வேலையை விசாரிக்காமல் அவன் தாத்தாவின் நிலபுலன்களை விசாரிப்பது போன்றதுதான் இது.

இதற்கு நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. கணிப்புகள் பொய்த்த கதைகளைப் பொறுக்கியெடுத்துப் பேசுவது எளிது; பலித்த கதைகளையும் பார்க்க வேண்டாமா? பார்த்தால் செய்தியாளர்கள் பக்கம் வலுவாகவே இருக்கிறது. 2017 முதல் 2024 வரை எட்டு சீசன்களில் தேசியப் பட்டம் வென்ற அணிகள் ஆகஸ்ட் பட்டியலில் இருந்த இடங்கள் இவை: அலபாமா 1, கிளெம்சன் 2, எல்.எஸ்.யு. 6, மறுபடி அலபாமா 3, ஜார்ஜியா 5, மறுபடி ஜார்ஜியா 3, மிஷிகன் 2, ஓஹையோ ஸ்டேட் 2. ஒன்றுகூட ஆறாம் இடத்துக்குக் கீழே இல்லை. இது குருட்டு அதிர்ஷ்டம் ஆக முடியாது. ஆனால் ஏன் பலிக்கிறது என்று கேட்டால் என் வாதம் உடைவதில்லை, உறுதிப்படுகிறது. இந்த அணிகள் நேற்று வென்றவை; வென்றதால் பள்ளி முடிக்கும் சிறந்த பையன்கள் அங்கே சேர்கிறார்கள்; அவர்கள் சேர்வதால் நாளையும் வெல்கின்றன. அங்கே கடந்தகாலம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவதால், அதைச் சொல்வதே எதிர்காலத்தைச் சொல்வதாகவும் ஆகிவிடுகிறது. நெப்ராஸ்காவில் அந்தப் புதுப்பித்தல் எப்போதோ நின்றுவிட்டது. பெயர் மட்டும் புழக்கத்தில் இருக்கிறது. உச்சியில் இருப்பவர்களுக்குப் பலிக்கும் முறையை நடுவில் இருப்பவர்களுக்கும் பொருத்தும்போதுதான் கணக்கு தப்புகிறது.

உச்சியிலும்கூட அது இனிப் பழையபடி பலிக்கும் என்று சொல்வதற்கில்லை. 2025 பட்டியலின் முதல் நான்கு இடங்களில் இருந்தவை டெக்ஸஸ், பென் ஸ்டேட், ஓஹையோ ஸ்டேட், கிளெம்சன். டெக்ஸஸ் முதல் ஆட்டத்திலேயே ஓஹையோ ஸ்டேட்டிடம் 14-7 என்று தோற்றது, பிளேஆஃபுக்கும் போகவில்லை. பென் ஸ்டேட் தன் பயிற்சியாளரை அக்டோபர் மாதத்திலேயே வீட்டுக்கு அனுப்பியது. கிளெம்சன் 6 ஆட்டங்களில் தோற்றது. இதன் பின்னால் அமைப்பிலேயே ஒரு மாற்றம் இருக்கிறது. முன்பெல்லாம் ஒரு மாணவர் வேறு கல்லூரிக்கு மாறினால் ஓராண்டு வெளியே உட்கார வேண்டும். இப்போது டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக மாறியவர் அடுத்த சீசனிலேயே ஆடலாம். 2025 ஜூலை முதல் கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகவே பணம் தரலாம். ஒரு பல்கலைக்கழகம் தன் விளையாட்டு வீரர்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர் வரை. இந்தியானாவின் பயிற்சியாளர் கர்ட் சிக்னெட்டி பதவியேற்றபோது, தாம் முன்பிருந்த ஜேம்ஸ் மாடிஸன் பல்கலைக்கழகத்திலிருந்து 13 வீரர்களைக் கூடவே அழைத்துவந்தார். அணியின் பெயரும் சட்டையும் அப்படியே இருக்க, உள்ளே ஆட்கள் பாதி மாறிவிடுகிறார்கள். 2025 வசந்தத்தில் நெப்ராஸ்காவின் பயிற்சியாளர் மாட் ரூல் வழக்கமான பயிற்சி ஆட்டத்தையே கைவிட்டார். தம் வீரர்களின் திறமையைப் பார்த்துப் பிறர் ஆசைகாட்டி இழுத்துவிடுவார்கள் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. ஆக, ஆகஸ்டில் எதிர்பார்ப்பை ஊன்றிக்கொள்ள ஊருக்குக் கிடைக்கும் புதிய தகவல் முன்னைவிடக் குறைவு. தகவல் குறையும் அளவுக்கு நினைவு அந்த இடத்தை நிரப்பிக்கொள்கிறது.

லிங்கனின் நினைவில் என்னதான் இருக்கிறது? 1962இல் பாப் டெவனி வந்தார். 1970, 1971 இரண்டு ஆண்டுகளும் தேசியப் பட்டம். 1973இல் அவரிடம் உதவியாளராக இருந்த டாம் ஆஸ்போர்ன் பொறுப்பேற்று 25 சீசன்கள் இருந்தார். 255 வெற்றி, 49 தோல்வி, 3 சமன். 1994, 1995, 1997 ஆண்டுகளில் பட்டம். இந்த உயரம் உண்மையானது, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் கூட்டமைப்பு அளவிலான பட்டத்தைக்கூட அணி கடைசியாக வென்றது 1999இல். இன்று கல்லூரியில் நுழையும் வீரன் அப்போது பிறக்கவே இல்லை. அவன் தோளில் ஏற்றப்படும் அளவுகோல் அவன் அப்பா இளைஞராக இருந்தபோது செய்யப்பட்டது. நினைவு இன்னொன்றையும் வசதியாக மறந்துவிடுகிறது. ஆஸ்போர்ன் தம் முதல் தேசியப் பட்டத்துக்கு 22ஆவது சீசன் வரை காத்திருந்தார். முதல் ஐந்து ஆண்டுகளும் பரம எதிரியான ஓக்லஹோமாவிடம் வரிசையாகத் தோற்றார். 1983இல் அணி ஆகஸ்டிலேயே முதலிடம், சீசன் முழுக்க முதலிடம். 1984 ஜனவரியில், சீசன் முடிந்தபின் நடந்த ஆரஞ்சு பௌல் என்ற சிறப்பு ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் மயாமியை ஒரு புள்ளி வரை நெருங்கியது. ஒரு புள்ளிக்கு உதைத்துச் சமன் செய்திருந்தால் பட்டம் ஏறக்குறையக் கைக்குள். ஆஸ்போர்ன் சமனை வேண்டாமென்று இரண்டு புள்ளிக்கு முயன்றார், கிடைக்கவில்லை, 31-30 என்று தோற்றார். அதற்குப் பிறகும் அவர் இருந்தார். பொற்காலம் என்று ஊர் கொண்டாடுவது உண்மையில் ஒரு நீண்ட பொறுமையின் பலன். பலனை நினைவு வைத்துக்கொண்டு பொறுமையை மறந்ததுதான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் வேர்.

பின்னால் வந்தது இது. ஆஸ்போர்னின் வாரிசான ஃபிராங்க் சோலிச் 58 வெற்றி, 19 தோல்வி என்ற கணக்கு வைத்திருந்தவர். 2003இல் 9 வெற்றி, 3 தோல்வி என்று சீசனை முடித்த கையோடு நீக்கப்பட்டார். அணி நடுத்தரத்துக்குச் சரிவதை அனுமதிக்க முடியாது என்பது நிர்வாகம் சொன்ன காரணம். அடுத்த ஆண்டே அணி 5 வெற்றி, 6 தோல்வி. 1961க்குப் பிறகு வெற்றியைவிடத் தோல்வி அதிகமாயிருந்த முதல் சீசன் அது. 2008 முதல் 2014 வரை பயிற்சியாளராக இருந்த போ பெலினி ஓர் ஆண்டுகூட 9 வெற்றிக்குக் குறையவில்லை, அவரும் நீக்கப்பட்டார். அடுத்து வந்த மைக் ரைலியின் மூன்றாண்டுக் கணக்கு 19 வெற்றி, 19 தோல்வி. பிறகு 1997இல் பட்டம் வென்ற அணியின் குவார்ட்டர்பேக் (களத்தில் ஆட்டத்தை நடத்தும் வீரர்) ஸ்காட் ஃபிராஸ்ட், அதே மண்ணின் பிள்ளை, 2018இல் பயிற்சியாளராக வந்தார். நினைவே சம்பளம் வாங்கிக்கொண்டு வந்து நின்றது போன்ற நியமனம். 16 வெற்றி, 31 தோல்வி. 2021இல் தோற்ற ஒன்பது ஆட்டங்களிலும் வித்தியாசம் பத்துப் புள்ளிக்குக் குறைவு. 2022 செப்டம்பரில் ஜார்ஜியா சதர்ன் என்ற சிறிய அணியிடம் சொந்த மைதானத்தில் தோற்ற மறுநாள் வேலை போனது. அக்டோபர் வரை பொறுத்திருந்தால் அவருக்குத் தர வேண்டிய இழப்பீட்டுத் தொகை பாதியாகியிருக்கும், அதற்கும் நிர்வாகம் பொறுக்கவில்லை. சோலிச்சையும் பெலினியையும் வைத்திருந்தால் பட்டங்கள் குவிந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. 9 வெற்றியைத் தோல்வி என்று எண்ண வைத்தது எந்த ஆட்டக்காரனுமல்ல, ஓர் அளவுகோல் என்று மட்டும் சொல்கிறேன்.

ஒரு நிர்வாகி இதற்கு எளிதாகப் பதில் சொல்வார்: குறைந்ததை எதிர்பார்த்தால் குறைந்ததுதான் கிடைக்கும்; 9 வெற்றி போதும் என்று உட்கார்ந்திருந்தால் எந்த ஊரும் எழுந்ததில்லை; இந்தியானாவே அதற்குச் சாட்சி. இந்தச் சாட்சியை நான் வேறுவிதமாகப் படிக்கிறேன். இந்தியானாவிடம் காப்பாற்ற வேண்டிய பொற்காலம் எதுவும் இருக்கவில்லை. தோல்விகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதல் வரிசையில் இருந்த பல்கலைக்கழகம் அது. ஆகவே புதிய பயிற்சியாளரிடம் பழைய முறையைத் திருப்பிக் கொண்டுவா என்று யாரும் கேட்கவில்லை. கையில் இருக்கும் விதிகளைக்கொண்டு என்ன செய்யலாம் என்று அவர் மட்டும் கேட்டுக்கொண்டால் போதுமாயிருந்தது. லட்சியம் வேறு, வாரிசுரிமை வேறு. லட்சியம் அடுத்த அடியைக் கேட்கிறது. வாரிசுரிமை பறிபோனதைத் திருப்பிக் கேட்கிறது, அதனால் எந்த முன்னேற்றமும் அதற்குப் போதாது. 1962இல் வயோமிங்கிலிருந்து வந்த டெவனி ஏற்றது, தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்த ஓர் அணியை. அவரிடமும் யாரும் பழம்பெருமையைக் கேட்கவில்லை. நெப்ராஸ்காவின் மிகப் பெரிய எழுச்சி எதிர்பார்ப்பு ஏதுமில்லாத இடத்தில்தான் தொடங்கியது.

அப்படியானால் அந்த 85,000 பேரும் ஏமாளிகளா? இல்லை என்பதற்கு ஊரிலேயே ஆதாரம் இருக்கிறது. டிக்கெட் மிஞ்சாத கணக்கைக் காப்பாற்ற, விற்காத டிக்கெட்டுகளை நன்கொடையாளர்கள் வாங்கி வசதியற்ற குழந்தைகளை அழைத்துவந்த ஆண்டும் உண்டு என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். தெரிந்தேதான் அந்தக் கணக்கைப் போற்றுகிறார்கள். தங்கள் தெய்வமான ஆஸ்போர்னை மூன்று முறை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியவர்களே 2006இல் ஆளுநர் பதவிக்கான குடியரசுக் கட்சியின் முதற்கட்டத் தேர்தலில் அவரைத் தோற்கடித்தார்கள். தோற்கடித்துவிட்டு வெளியேறும் எதிரணிக்கும் எழுந்து கைதட்டும் வழக்கம் உள்ள ஊர் அது. 2023 ஆகஸ்ட் 30ஆம் தேதி அதே மைதானத்தின் நடுவில் வாலிபால் வலை கட்டினார்கள். பல்கலைக்கழகத்தின் பெண்கள் அணி ஆடுவதைப் பார்க்க 92,003 பேர் வந்தார்கள். அந்த அணி ஆண்டுதோறும் வெல்லும் அணி, அதன் மீதான எதிர்பார்ப்பு நேற்றைய ஆட்டத்திலிருந்து வருவது. எதை நம்பலாம், எதை நம்ப ஆசைப்படுகிறோம் என்ற வேறுபாடு மக்களுக்குத் தெரிகிறது. தெரிந்தும் ஆகஸ்டில் ஆசைப்படுகிறார்கள். அதில் குற்றம் காண நான் யார்? ஒருவருக்கொருவர் பல மைல் தள்ளி வாழும் பண்ணைக் குடும்பங்களுக்கு ஒரே நேரத்தில் பேச ஒரே விஷயம் கிடைப்பது சின்னக் காரியமல்ல.

ஊரின் கல்லும் வெண்கலமும்கூட நிர்வாகத்தைவிட நிதானமாகப் பேசுகின்றன. ஸ்டேடியத்துக்குத் தெற்கே மாநிலத் தலைமையகக் கட்டடம், 400 அடி உயரக் கோபுரம், உச்சியில் கைவீசி விதை தெளிக்கும் உழவனின் வெண்கலச் சிலை. சிற்பி லீ லாரி. அந்தக் கட்டடத்தின் கல்வெட்டு வாசகங்களை அமைத்தவர் ஹார்ட்லி பர் அலெக்ஸாண்டர் என்ற தத்துவப் பேராசிரியர். 1923இல் திறந்த ஸ்டேடியத்தின் வாசகங்களும் அவருடையவைதான். போர்களில் இறந்தவர்களின் நினைவாகக் கட்டிய அந்த மைதானத்தின் மூலையொன்றில், பெருமை வெற்றியில் அல்ல, செய்த செயலில்தான் என்ற பொருளில் அவர் பொறித்துவைத்திருக்கிறார். ஆஸ்போர்னின் சிலைக்கு அருகே நிற்பது அவருடைய மிகப் புகழ்பெற்ற வீரர் அல்ல, புரூக் பெரிங்கர். 1994இல் முதன்மைக் குவார்ட்டர்பேக் டாமி ஃபிரேஸியருக்கு ரத்தக்கட்டு வந்து வெளியே உட்கார்ந்தபோது அந்த இடத்தில் இறங்கி அணியைப் பட்டத்துக்கான ஆட்டம் வரை தாங்கிக்கொண்டுபோன மாற்று ஆட்டக்காரர். 1996 ஏப்ரலில் சிறு விமான விபத்தில் இறந்தார். 1994 ஆகஸ்டில் யாருடைய எதிர்பார்ப்பிலும் அவர் பெயர் முன்னால் இருந்திருக்க முடியாது.

பெரிங்கரின் கதையை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு அண்மைச் சான்று டிலன் ராயோலா. அப்பா டொமினிக் நெப்ராஸ்காவின் பழைய வீரர்; பிள்ளை ஐந்து நட்சத்திர மதிப்பீடு பெற்ற குவார்ட்டர்பேக். ஜார்ஜியாவுக்குப் போகவிருந்தவர் மனம் மாறி 2024இல் லிங்கன் வந்தார். முதல் ஆண்டு 7 வெற்றி, 6 தோல்வி. 2016க்குப் பிறகு முதல் முறையாக அணி ஒரு பௌல் ஆட்டத்துக்குப் போனது, அதில் வென்றது. அடுத்த ஆண்டு நவம்பர் தொடக்கத்தில், யு.எஸ்.சி.யுடனான ஆட்டத்தில் அவர் கால் எலும்பு முறிந்தது. சீசன் மறுபடி 7 வெற்றி, 6 தோல்வி என்று முடிந்தது. அவர் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். இதில் துரோகமும் இல்லை, சதியும் இல்லை. இருபது வயது இளைஞன் ஒருவன் மேல் முப்பது ஆண்டு ஏக்கத்தை ஏற்றிவைத்த கணக்கில் முதலிலிருந்தே பிழை இருந்தது.

எனவே ஆகஸ்டில் நெப்ராஸ்கா வழியாகப் போகிறவர் அங்கே கேட்கும் எண்களை வைத்து அணியை எடைபோட வேண்டாம். ஊரை எடைபோடலாம், அதற்கு அவை மிக நல்ல கருவி. பார்வையாளரின் நம்பிக்கைக்கு விலை ஒரு டிக்கெட், தோற்றால் ஓர் இரவு வருத்தம். அதை அவரே கொடுத்துத் தீர்த்துவிடுகிறார். நிர்வாகியின் நம்பிக்கைக்கு விலை கொடுப்பவர்கள் வேறு: வேலை இழக்கும் பயிற்சியாளர், பாதியில் கல்லூரி மாறும் மாணவன், வேலையிலிருந்து போனவருக்கு இழப்பீடு கட்டும் பல்கலைக்கழகம். அதனால் நிர்வாகியிடம் கேட்க வேண்டிய கேள்வி பார்வையாளரிடம் கேட்பதல்ல. இந்த ஆண்டு எத்தனை ஆட்டம் ஜெயிப்போம் என்று ரன்ஸா கடையில் கேட்கலாம். நிர்வாக அறையில் கேட்க வேண்டியது, போன இரண்டு ஆண்டுகளில் எது மேம்பட்டது, அது தொடர இன்னும் எத்தனை ஆண்டு பொறுப்பீர்கள் என்பதுதான். ஆஸ்போர்னுக்கு இந்த ஊர் 22ஆவது சீசன் வரை பொறுத்தது. 1997ஐத் திருப்பிக் கேட்பவர்கள் அந்தப் பொறுமையையும் சேர்த்துக் கேட்டால், அவர்களுடைய எதிர்பார்ப்பு அப்போதுதான் கணிப்பு என்ற பெயருக்குத் தகுதி பெறும்.